முக்கால் மணி நேரத்தில் கோலாலம்பூர்

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

அக்கா மகனுக்கு நேற்றுக் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. முடிந்த பிறகுதான் தாய்மாமன் நான் போய்ச் சேர்ந்தேன். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

"சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் 300 கிலோமீட்டர். நம்ம திருச்சி-சென்னை தூரம்தான். பிளேனில் முக்கால் மணி நேரம். முதல் நாளே போய் எதுக்குடா ஒரு நாள் சம்பளத்தை விடுறே?" என்று போனில் கேட்டீர்கள். முப்பது வருஷம் சென்னை ரூட்டில் பஸ் ஓட்டியவர் கணக்கு தப்புமா? தப்பவில்லை. சாங்கியில் சக்கரம் தூக்கி, சிப்பாங்கில் தரை தொட 46 நிமிடம். ஏறி முடித்த கையோடு இறங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா முறுக்குப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் கீழே செம்பனைத் தோட்டம் வரிசை வரிசையாகத் தெரிந்தது. மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

மிச்ச நேரம் எங்கே போனது என்கிறீர்களா? என் ஜூரோங் வீடு தீவின் மேற்கே. விமான நிலையம் கிழக்குக் கோடி. 5.45-க்குக் கிளம்பி, எம்ஆர்டியில் நின்றபடியே 7 மணிக்குச் சாங்கி. சோதனை, பெல்ட்டை அவிழ், மாட்டு. 8.40 விமானம் ஓடுபாதையில் வரிசையில் நின்றது. 2018-ல் உலகத்திலேயே அதிக விமானம் பறந்த வெளிநாட்டுத் தடம் என்று பெயர் வாங்கிய பாதை இது, ஒரு நாளைக்கு 80-க்கு மேல். நம்ம சத்திரம் பஸ் ஸ்டாண்டு மாதிரிதான். டைம் கீப்பர் விசில் மட்டும் இல்லை.

இறங்கியது கோலாலம்பூர் என்று நினைத்தேன். இல்லை, அது சிப்பாங். நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். குடிநுழைவு வரிசையில் முக்கால் மணி. அங்கிருந்து நகரத்துக்கு இன்னும் 57 கிலோமீட்டர். அதை மட்டும் ரயில் 28 நிமிடத்தில் முடித்தது. கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு வாசலை மிதித்தபோது 12.10. வீட்டைவிட்டுக் கிளம்பி ஆறு மணி நேரம் 25 நிமிடம். உங்கள் பஸ் இந்நேரம் தாம்பரம் தாண்டியிருக்கும்.

முகூர்த்தம் 11-க்கு. மச்சானின் சிநேகிதர் ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். பையன் அழுது ஓய்ந்து, கடுக்கனோடு தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா எனக்கு இலை போட்டாள்; முகம் பார்த்துப் பேசவில்லை.

திரும்பும்போது பிளேன் வேண்டாமென்று பஸ் ஏறினேன். ஜொகூர் வரை வெண்ணெய் மாதிரி ஓடியது. அங்கிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கு நடுவே பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதைத் தாண்ட ஒன்றரை மணி நேரம். நடந்தே வந்திருக்கலாம்.

எனக்குக் காது குத்தியபோது சென்னை பஸ்ஸைச் சமயபுரத்தில் நிறுத்தி, பயணிகள் காத்திருக்க, மடியில் என்னை வைத்திருந்துவிட்டு ஓடினீர்களாம். அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். அந்த உரிமையில் கேட்கிறேன்: அக்காவுக்கு ஒரு போன் போட்டு, கணக்குப் போட்டது தம்பி இல்லை, நான்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்