நடுவர் யார்?

கே: ஒரு சொல்லுக்காக மொழியறிஞர்கள் இப்படிக் கட்டிப் புரள்கிறார்களே, நடுவர் வைத்தால் அடங்குவார்களா?
– ஒரு வாசகர், திருவாலங்காடு

ப: உங்கள் ஊரில் சிவனுக்கும் காளிக்கும் நடந்தது ஆட்டப் போட்டி. சிவன் காலைத் தூக்கியதும் தீர்ப்பு வந்துவிட்டது. சொற்போரில் அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள். பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை. அதில் வடமொழி மூலம் காட்டியிருந்த பல சொற்களை, 'இவை தமிழே' என்று மல்லுக்கு நின்றார் தேவநேயப் பாவாணர். 1974-இல் அரசு தனியாகச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கி, பாவாணரையே இயக்குநராக்கியது. ஆட்டக்காரர் கையிலேயே விசில்! ஆட்சேபிக்க எதிராளியும் இல்லை. வையாபுரியார் 1956-லேயே காலமாகிவிட்டார். (பாவாணர் உழைப்பு அசுர உழைப்பு, அது வேறு விஷயம்.)

உங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ராஜேந்திர சோழன் செப்பேடுகளில் வடமொழியும் தமிழும் ஒரே வளையத்தில் கோத்துக் கிடக்கின்றன. அவை முறைத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. வடமொழிப் பகுதியை எப்போது சேர்த்தார்கள் என்று வாதாடுவதெல்லாம் படித்தவர்கள்தாம்.