தறிக்குழியும் தகப்பனும்

காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டு நெசவாளருக்கு வீடுதான் வேலையிடம். ஆகவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அப்பா நாள் முழுக்கக் கூடவே இருக்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. இருக்கிறார் என்பது வரை சரி.

குழித்தறியில் உட்காருபவரின் கால்கள் குழிக்குள் மிதியில் இருக்கும். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கும், மறு கை பலகையை அடிக்கும், கண் இழையில் இருக்கும். மிச்சம் வாயும் காதும்தான். எனவே தறி வீட்டில் தகப்பன் பங்குக்கான பிள்ளை வளர்ப்பு பெரும்பாலும் வாய்வழியே நடக்கிறது: வாய்ப்பாடு கேட்பது, பல்பம் தின்பதைத் தடுப்பது, அண்ணன் தங்கை சண்டையில் விசாரணை இல்லாமல் தீர்ப்புச் சொல்வது. இன்னொரு வசதியும் உண்டு. குழியில் உட்கார்ந்தவரின் முகம் தவழும் குழந்தையின் முகத்துக்கு ஏறக்குறைய நேரே வரும். வேறு உத்தியோகத்தில் இது கிடைக்காது. குழந்தையும் இதை அறியும். முறுக்குத் தின்ற கையோடு நேரே பாவு நூலை நோக்கி வரும். கூலி நேரத்துக்கு இல்லை, சேலைக்கு. எண்ணெய்க் கறை பட்ட சேலைக்கு என்ன கூலி என்பதை அப்பா அப்போது உரத்த குரலில் விளக்குவார்.

கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, அதாவது ஊடை ஓட்டும் ஓடம், வேண்டும். கரை நாடாவைக் கொடுத்து வாங்க ஓரத்தில் இன்னொருவர் தேவை. முன்பு அந்த இடம் பிள்ளைகளுடையது. அவர்கள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பல வீடுகளில் மனைவி அங்கே வந்து உட்கார்ந்தார். இப்போது அடுப்பில் பால் பொங்கினால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எழுந்து போவது மனைவிதான். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்த பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டிருக்கிறார்கள். இந்த 97, செய்த ஆண்களின் சராசரி. செய்தவர்களோ நூற்றுக்கு 26 பேர்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். நெசவாளத் தகப்பனுக்குத் தானாகக் கிடைக்கும் விடுப்பு அது, சம்பளம் கிடையாது. மழையில் பிழைப்பு நின்ற தகப்பன் என்றால், காஞ்சியை அடுத்த கூரத்தில் பிறந்த வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வானையும் சொல்ல வேண்டும். பெருஞ்செல்வத்தைத் துறந்து திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியில், அதாவது வீடுவீடாக அரிசி இரந்து, வாழ்ந்தவர். ஒருநாள் மழையால் வெளியே போக முடியாமல் தம்பதியர் பட்டினி கிடக்க, இரவில் அரங்கன் பிரசாதம் வந்தது என்றும், அதன் அருளால் மகன்கள் பராசர பட்டரும் வியாச பட்டரும் பிறந்தார்கள் என்றும் வைணவ மரபு கூறும். ஒரு நாள் கூலி போனதற்கு இவ்வளவு நல்ல ஈடு அதற்குப் பிறகு யாருக்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சட்டப்படியான விடுப்புக்கு வருவோம். மத்திய அரசு ஊழியருக்கு, இரண்டு குழந்தைகள் வரை, 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கிய 2017ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பாக்களுக்கு ஒரு நாளும் தரவில்லை. எனவே தறியை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போனவர்கள் நிர்வாகத்தின் மனசையும் ஷிப்ட்டையும் நம்பியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் அப்பா கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் உப்புமாவைப் பார்த்துக்கொள்கிறது. மகளுக்கு இரட்டைப் பின்னல் போடுவதை மட்டும் எந்தத் திட்டமும் ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கான இழைகளைச் சிக்கில்லாமல் நடத்திப் பழகிய கைதான். ஆனாலும் ஒரு பின்னல் மேலேயும் ஒன்று கீழேயுமாகத்தான் பிள்ளை பள்ளிக்குப் போகிறது.