எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம்?

1881இல் இந்தியா முழுக்கத் தலை எண்ணி, என்ன சாதி, என்ன தொழில், கல்யாணமாகிவிட்டதா, புருஷன் இருக்கிறானா என்று துருவித் துருவி எழுதிக்கொண்ட துரைமாருக்கு, தங்கள் வீட்டு வாசலில் வருகிறவர் போகிறவரை எண்ணத் துப்பில்லாமல் போனது.

1961இல் பிரிட்டனில் பயணிகள் சர்வே ஒன்று தொடங்கினார்கள். வெளிநாட்டுக்காரன் எவ்வளவு செலவழிக்கிறான் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். பிறகு யாரோ ஒரு சிக்கனப் புண்ணியவான், குடியேற்றக் கணக்கையும் இதிலேயே போட்டுவிடலாமே என்றார். போட்டார்கள். தூக்கக் கலக்கத்தோடு பெட்டியை இழுத்து வருகிறவரை மறித்து, "எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம்?" பன்னிரண்டு மாதம் என்றால் குடியேறி. "வேலை கிடைச்சா பாக்கலாம் சார்" என்பவரை எந்தக் கட்டத்தில் போடுவது? வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் பேரை மறித்தால் குடியேறிகளாகத் தேறியவர்கள் சில ஆயிரம். அந்தச் சில ஆயிரத்தைப் பெருக்கித்தான் தேசத்தின் கொள்கை.

வெளியேறுகிறவர் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதையும் 1998க்குள் கைவிட்டார்கள். போகிற சனியன் போகட்டும் என்று நினைத்திருக்கலாம்.

2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஆண்டுக்கு நிகரமாக 5,000 முதல் 13,000 பேர் வரலாம் என்றது அரசு கேட்டு வாங்கிய ஆய்வு. ஜெர்மனி கதவைச் சாத்தினால் கூட்டம் இங்கே திரும்பலாம் என்று பேராசிரியர்கள் எழுதித்தான் இருந்தார்கள். அதையெல்லாம் எந்த மந்திரி படிப்பார்? ஜெர்மனி சாத்தியது. போலந்துக்காரர்கள் மலிவு விமானத்தில் சின்னச் சின்ன ஊர்களில் இறங்கினார்கள். சர்வேக்காரர்களோ பெரும்பாலும் ஹீத்ரோ, காட்விக், மான்செஸ்டரில் பலகையும் பேனாவுமாகக் காத்திருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு பார்த்தால், பத்தாண்டில் கணக்கில் விடுபட்டவர்கள் நிகரமாக 3.46 லட்சம்.

மாணவர் விஷயம் தலைகீழ். படிக்க வந்தவர்களில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் திரும்பிப் போவதே இல்லை என்பதுபோல் சர்வே காட்டியது. நிகரக் குடியேற்றத்தை லட்சத்துக்குக் கீழே இறக்குவதாகப் பிரதமர் கேமரூன் வாக்குக் கொடுத்திருந்த நேரம் அது. உள்துறை அமைச்சர் தெரசா மே. விசா விதிகள் இறுகின. 2015இல் வெளியேறுவோரை மறுபடி பதிய ஆரம்பித்தார்கள். பிறகு வெளியான கணக்கில், விசா முடியும் முன்பே 97.4 சதவீத மாணவர்கள் ஒழுங்காகக் கிளம்பியிருந்தார்கள்.

2020இல் கொரோனா வந்து சர்வேயை நிறுத்தியது. இனி அரசு ஆவணங்களிலிருந்தே கணக்கு என்றார்கள். 2023 ஜூன் வரையிலான ஓராண்டில், போனவர் நீக்கி வந்தவர் 6.72 லட்சம் என்று முதலில் அறிவித்தார்கள். ஒரு வருஷம் கழித்து அது 9.06 லட்சமாகத் திருந்தியது. நடுவே பொதுத்தேர்தல் ஒன்று நடந்து முடிந்திருந்தது.