டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும் என்று விலை கூடிய மெட்டல் பேட் வாங்கி என் சைக்கிளில் போட்டேன். சில மாதங்களில் டிஸ்க் தேய்ந்து பள்ளம் விழுந்துவிட்டது. பேட் மட்டும் புதுசு போலவே இருக்கிறது. டிஸ்க் போலியா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை, ஜோடிப் பொருத்தம் பார்க்காததுதான் காரணமாக இருக்கும். சக்கரத்தை மெல்லச் சுழற்றி, டார்ச் அடித்து டிஸ்க்கின் கைகளைப் பாருங்கள். பொடி எழுத்தில் 'ரெசின் பேட் ஒன்லி' (பிசின் கலந்த பேட் மட்டும்) என்று பொறித்திருக்கிறதா? ஷிமானோ நிறுவனத்தின் ஆர்டி 10, ஆர்டி 30, ஆர்டி 54 போன்ற டிஸ்க்குகள் அந்த வகை. நடுத்தர விலை சைக்கிள்களில் பெரும்பாலும் இவைதான் வரும். இவற்றின் எஃகு சற்று மென்மையானது. மெட்டல் பேட் என்பதோ உலோகத் தூளை அழுத்திச் சுட்டெடுத்த வில்லை. அரத்தைக் கொண்டுவந்து அலுமினியப் பாத்திரத்தில் தேய்த்தால் எது தேயும்?

ஷிமானோவின் புது டிஸ்க் 1.8 மி.மீ. கனம், 1.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் கழற்றிப் போட வேண்டும். ஆக, அதன் ஆயுள் முழுவதும் 0.3 மி.மீ.தான். பேட் உரசும் பாதையை அளந்து பாருங்கள். விளிம்பில் வரப்பு மாதிரி நிற்கும் தேயாத பகுதியில் அளவுகோல் பட்டால் கணக்கு தப்பிவிடும்.

தலைகீழாகப் போட்டால் தொல்லை இல்லை. மெட்டல் பேடைத் தாங்கும் கடின டிஸ்க்கில் ரெசின் பேட் தாராளமாக ஓடும். அதனால் மாற்றுவதென்று முடிவெடுத்தால் முதலில் டிஸ்க், பிறகு பேட்.

கேள்வி: கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்தேன். பாதி வழியிலேயே தீய்ந்த வாடை. லீவரை அழுத்தினாலும் பிடிமானம் குறைந்துகொண்டே போனது. எந்த பேட் வாங்கலாம்? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: நல்லபடியாக இறங்கி வந்தீர்களே, முதலில் அதற்கு நிம்மதி. பிரேக்கின் வேலை வேகத்தைச் சூடாக மாற்றுவது. நீங்களும் சைக்கிளுமாக 85 கிலோ, இறக்கம் ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் விடுபடும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆனால் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்கிற மலைப்பாதையில் மிச்சமெல்லாம் இரண்டு மெல்லிய தகடுகளின் தலையில்தான் விழுகிறது. ரெசின் பேட் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதன் முகம் கண்ணாடி போலப் பளபளத்து வழுக்க ஆரம்பிக்கும்.

உங்களுக்கு மெட்டல் பேட்தான் சரி, அதைத் தாங்கும் டிஸ்க்கோடு. மழையிலும் சீக்கிரம் கரையாது. நனைந்தால் சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கூடவே முன்சக்கரத்தில் 160 மி.மீ. டிஸ்க் இருந்தால் 180க்கு மாறுங்கள். பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னால்தான் சாயும். அங்கேதான் வேலை அதிகம். அதே அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும், சூட்டை வாங்கிக்கொள்ளவும் உலோகம் அதிகம். பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தள்ளிவைக்க அடாப்டர் வேண்டும். ஆனால் உங்கள் ஃபோர்க் 180ஐ ஏற்குமா என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். இறங்கும்போது லீவரை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். டிஸ்க் மூச்சு வாங்கட்டும்.

கேள்வி: புது பேட் போட்டும் பிடிக்கவில்லை. கீச்சென்ற சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கிறது. (ஒரு வாசகி, கோவை)

பதில்: செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்தீர்களா அம்மா? அதில் ஒரு துளி டிஸ்க்கில் தெறித்தாலே போதும், இந்தக் கச்சேரி ஆரம்பமாகிவிடும். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போடுங்கள்.

எண்ணெய் படவில்லை என்றால், பேட் இன்னும் பழகவில்லை. ஆளில்லாத சாலையில் 20 கி.மீ. வேகத்துக்குப் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடை வேகத்துக்குக் குறையுங்கள். இப்படி இருபது தடவை. பேடின் சாரம் மெல்லிய பூச்சாக டிஸ்க்கில் ஏறும். பிடிமானம் தருவது அந்தப் பூச்சுதான். ரெசினிலிருந்து மெட்டலுக்கு மாறும்போது டிஸ்க்கில் பழைய பேடின் பூச்சு இருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகப் பழக்குங்கள்.

கேள்வி: மகுரா பிரேக்கில் ஷிமானோ டிஸ்க் போடலாமா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: வேண்டாம். மகுரா டிஸ்க் 2 மி.மீ. கனம், 1.8க்குத் தேய்ந்தால் கழித்துவிடச் சொல்கிறார்கள். ஷிமானோவின் புத்தம்புது டிஸ்க்கே 1.8தான்!

கேள்வி: மகன் பள்ளிக்கூடம் போகும் சைக்கிள். அதற்கும் இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மேடு பள்ளம் இல்லாத ஊர். ரெசின் பேடே போதும், சத்தமும் இருக்காது. பேடில் உரசும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் தள்ளிப் போடாமல் மாற்றுங்கள். கழற்றிய பழைய பேடைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். காலிப்பருக்குக் காலிப்பர் பேடின் வடிவம் மாறும்.