குறையும் ஒரு சுவை

அறிவியல் புனைவு, அதாவது இன்றைய அறிவியலை அடித்தளமாகக் கொண்டு நாளையைக் கற்பனை செய்யும் கதை, மதுரை வட்டார வீடுகளுக்குள் புத்தகமாக மட்டுமன்றி, மொட்டைமாடியில் ஒருவர் தொலைக்காட்சி ஆண்டெனாவைக் கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்ப, கீழிருந்து மற்றவர் "இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுக்கும் கூட்டுமுயற்சியாகவும் நுழைந்தது. தூர்தர்ஷனில் தொடராக வந்த, எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' கதையில், 2020-களின் தொடக்கத்தில் பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி தேவைப்பட்டது. ஜீனோ என்னும் இயந்திர நாய் புத்தகம் படித்து வாதம் செய்தது. குறித்த ஆண்டுகள் வந்து போயின. மதுரைத் தெருநாய்கள் மட்டும் இன்றுவரை குரைப்பதோடு நிறுத்திக்கொண்டுள்ளன.

1998-இல் கேத்தன் மேத்தாவின் இயக்கத்தில், மிலிந்த் சோமன் நடிப்பில் ஒளிபரப்பான 'கேப்டன் வ்யோம்' தொடர் இதைவிடச் சாமர்த்தியமானது. கதையை 2123-ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டதால், அதைப் பொய்யென்று நிறுவ எந்த விமர்சகருக்கும் ஆயுள் போதாது. அதன் வரைகலை, அதாவது கணினியில் வரைந்து அசைக்கும் படம், விண்கலத்தைப் பொம்மையாகக் காட்டுவது குறைதான். எனினும் ஆண்டெனா காற்றில் ஆடி, திரையில் புள்ளிகள் பொழிந்தபோது, அக்குறையும் விண்மீன் மழையாகவே தோன்றியிருக்கும். ஆகவே, குற்றமற்ற தொடருக்குக் காத்திருப்போர் காத்திருக்கட்டும். மற்றவர்கள் இவற்றைத் தேடிப் பார்க்கலாம்.