பிளம் கேக் நாத்திகர்

டிசம்பர் 24 காலையில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பெரியார் சிலைக்கு மாலை அணிவித்துவிட்டு வருகிறவர், மறுநாள் காலையில் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’ சொல்வார். பாளையங்கோட்டையிலிருந்து பெரம்பூர் வரை இவரைப் பார்க்கலாம். இதில் காலண்டரின் குறும்பும் கொஞ்சம் உண்டு. 1973-இல் பெரியார் காலமானது டிசம்பர் 24 அன்று, அதுவும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். கேக் தின்பதால் மட்டும் இவரை அடையாளம் கண்டுவிட முடியாது. கேக்கை எல்லாரும்தான் தின்கிறார்கள். விள்ளல் எடுத்த கை பாதி வழியில் நின்றுவிடும் பாருங்கள், அதுதான் இவருடைய அங்க அடையாளம். தின்பதற்கு முன் விளக்கம் சொல்லியாக வேண்டும். “நமக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனா வரலாற்று ரீதியா பாத்தீங்கன்னா…” என்று தொடங்குவார். தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் அம்மாவுக்கு இருப்பதோ வேறு கவலை: “முட்டை போட்டது அண்ணாச்சி, சாப்பிடுவியளா?” கடவுள் உண்டா இல்லையா என்று அந்த வாசலில் யாரும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு மூன்று விதமான பதில்களோடு வந்திருக்கிறார் நம்மவர்.

முதல் பதில் தேதியைப் பற்றியது. இயேசு டிசம்பர் 25-இல் பிறந்தார் என்று விவிலியத்தில் எங்கும் இல்லை. நான்காம் நூற்றாண்டு ரோமாபுரி ஆவணம் ஒன்றில்தான் அந்தத் தேதி முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. ஆகவே இது ரோமானியர்களின் சூரிய விழாவைத் திருச்சபை சுவீகாரம் எடுத்துக்கொண்ட கதை என்பார். முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. சரி, தீர்ப்பு இவர் பக்கமே வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு கடவுளிடமிருந்து தப்பிக்க இன்னொரு கடவுளின் வீட்டுக்குள் ஓடி ஒளிவது நாத்திகத்தில் எந்த வகை? இரண்டாவது பதில் ஐசக் நியூட்டன். அவர் பிறந்ததும் 1642 டிசம்பர் 25 என்பதால், தாம் கொண்டாடுவது விஞ்ஞானத்தின் பிறந்தநாள் என்பார். அது இங்கிலாந்து அப்போது பின்பற்றிய பழைய நாட்காட்டிக் கணக்கு. இன்றைய நாட்காட்டிப்படி நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. தேதியைக்கூட மன்னித்துவிடலாம். ஆப்பிள் கதையை விட்டு வெளியே வந்தால், நியூட்டன் தானியேல் ஆகமத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் குடைந்து குடைந்து எழுதியவர். உலக முடிவு 2060-க்கு முன் வராது என்று கணக்குப் போட்டு வைத்தவர். பைபிளில் அவர் செலவழித்த நேரத்தில் கால் பங்கை நம்மூர்ப் போதகர் செலவழித்தாலே சபை மெச்சிக்கொள்ளும். மூன்றாவது பதில், இதெல்லாம் இப்போது வெறும் கலாசாரம் என்பது. 1857-இல் அமெரிக்காவில் வெளியான ‘ஜிங்கிள் பெல்ஸ்’ பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது என்பதை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார். உண்மைதான். ஆனால் கேரல் பாட வந்த வாலிபர் கூட்டம் அந்தப் பாட்டோடு நிறுத்திக்கொள்வதில்லையே! இதே டிசம்பர் 25-இல், 1927-ஆம் ஆண்டு மகாடில், அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். நம்மவருக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கிடைக்காது. ஆனாலும் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு இதை அவர் எடுப்பதில்லை. அந்தக் காரணம் பதிலுக்கு நம்மிடமும் ஏதாவது கேட்கும். நியூட்டன் எதுவும் கேட்கமாட்டார்.

இவருக்கு நேர் எதிரில் ஒரு கறார் நாத்திகர் இருக்கிறார். தட்டு வந்தால் கதவைத் திறக்காமல், திறந்தாலும் கை நீட்டாமல், கொள்கையைக் காப்பாற்றுகிறவர். பார்த்தால் மரியாதை வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் போய்ச் சேர்ந்திருக்கும் கூட்டத்தை அவருக்கு யாராவது காட்ட வேண்டும். கிறிஸ்துமஸை உலகத்தில் மும்முரமாக எதிர்த்தவர்களில் முன்வரிசை பக்திமான்களுடையது. 1647-இல் கிறிஸ்துமஸ் திருநாளை ஒழித்துச் சட்டம் போட்ட இங்கிலாந்து நாடாளுமன்றம் தூய்மைவாதக் கிறிஸ்தவர்களின் கையில் இருந்தது. அதே கூட்டத்தார் கடல் கடந்து போய் அமைத்த மாசசூசெட்ஸில், 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் அந்த நாள் பொது விடுமுறையானதே 1958-இல்தான். இன்றும் யெகோவாவின் சாட்சிகள் கொண்டாடுவதில்லை; நம்மூரில் சில பெந்தெகொஸ்தே சபைகளிலும் கிடையாது. நாத்திகர்கள் பக்கத்தில் தேடினால் சோவியத் அரசு அகப்படும். 1920-களின் இறுதியில் கிறிஸ்துமஸ் மரத்தை விரட்டிப் பார்த்தது. 1935-இல் அதே மரத்துக்குப் புத்தாண்டு மரம் என்று பெயர் சூட்டித் திரும்ப உள்ளே அழைத்துக்கொண்டது. பிள்ளைகள் கேட்டால் அரசாங்கத்தாலும் தாக்குப்பிடிக்க முடியாது போலிருக்கிறது. ஆக, கேக்கை மறுப்பது நாத்திகத்துக்கு அத்தாட்சி ஆகாது. பண்டிகைக்கு ஒரே பொருள்தான் உண்டு, அது வேதத்தில் எழுதியிருக்கும் பொருள்தான் என்று நம்புகிறவனே அதை மறுக்க முடியும். அந்த நம்பிக்கை பக்தனுக்குத் தகும், நாத்திகருக்கு எதற்கு?

என் கட்சி இதுதான்: நாத்திகர் கிறிஸ்துமஸ் கொண்டாடலாம், தாராளமாகக் கொண்டாடலாம், காரணம் மட்டும் சொல்ல வேண்டாம். வாசலில் நீளும் தட்டு, இந்தத் தெருவில் நீங்களும் இருக்கிறீர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறது. வாங்கிக்கொள்பவரும் அதையே ஒப்புக்கொள்கிறார். விசுவாசப் பிரமாணம் அந்த அச்சுமுறுக்குக்குள் இல்லை. இதைக் கேட்டு, எங்கள் திருநாளைத் தின்பண்டக் கடையாக்குகிறீர்களே என்று ஒரு கிறிஸ்தவர் வருத்தப்பட்டால், அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அவருக்காக ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். பலகாரம், பிரியாணி, குடில், மாடியில் தொங்கும் நட்சத்திரம் எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். நள்ளிரவுத் திருப்பலிக்கு அழைத்தால் போய்க் கடைசி பெஞ்சில் உட்காரலாம். நற்கருணை வாங்க வரிசையில் மட்டும் நிற்கக்கூடாது. அது விசுவாசிகளுக்கு உரியது என்று திருச்சபையே சொல்கிறது. நம்பாதவர் அதை வாங்காமல் இருப்பதுதான் நம்புகிறவருக்குச் செய்யும் மரியாதை. நம்மவருக்கு இந்தக் கோடு தெரியாமல் இல்லை. பிள்ளையை மிஷன் பள்ளியில் சேர்த்தவர் அல்லவா? பள்ளி நாடகத்தில் பையனுக்கு ஞானிகள் மூவரில் ஒருவர் வேடம் கிடைத்தபோது, முன்வரிசையில் நின்று வீடியோ எடுத்தவரும் இவர்தான். தொழுவத்தின் முன் பையன் மண்டியிட்ட இடம் மட்டும் அந்த வீடியோவில் கொஞ்சம் ஆடியிருக்கும்.

அடுத்த ஆட்சேபம் காரமானது: தீபாவளிக்கு வாயை மூடிக்கொள்கிறவர் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாயைத் திறக்கிறாரே, ஏன்? அரசியல் மேடையிலிருந்து வீசப்படும் கேள்விதான். அதற்காகப் பதில் சொல்லாமல் விட முடியாது. நம்மவர் பதில் வைத்திருக்கிறார். தீபாவளி ஒருவனைக் கொன்றதைக் கொண்டாடுவது, கிறிஸ்துமஸ் ஒரு குழந்தை பிறந்ததைக் கொண்டாடுவது என்பார். மத்தேயு சுவிசேஷத்தை இன்னும் சில வசனங்கள் தள்ளிப் படித்தால், ஏரோது மன்னன் பெத்லகேம் குழந்தைகளைக் கொன்ற கதை வரும். திருச்சபை அவர்களையும் டிசம்பர் 28-இல் நினைவுகூர்கிறது. இன்னொரு பதிலும் உண்டு: 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் ஆறு சதவீதம், எண்ணிக்கையில் சிறியவர்களுக்குச் சொல்லும் வாழ்த்துக்குக் கூடுதல் எடை இருக்கிறது. இது உண்மை. கிறிஸ்தவர் வீட்டுக்குப் போவதற்கு அது நல்ல காரணமும்கூட. ஆனால் இந்து வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது. இரண்டு வீட்டிலும் முறுக்கு பிழிவது ஒரே நாழியில்தான். நரகாசுரன் கதையை மேடையில் எதிர்க்கட்டும், அது அவர் உரிமை. அதிரசம் எந்தக் கதைக்கும் பொறுப்பு அல்ல. வாசலில் கேள்வி கேட்காமல் தட்டு நீட்டுகிறவர்கள் அக்டோபரிலும் இருக்கிறார்கள். அங்கே மட்டும் கொள்கை நினைவுக்கு வருமானால், அது நாக்கு பார்த்து வரும் கொள்கை.

பண்டிகை இல்லாமல் மனிதர்கள் இருக்கமாட்டார்கள் என்பது இவருடைய இயக்கத்துக்கே தெரியும். தீபாவளியைத் தள்ளச் சொன்ன கையோடு, பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்தியதும் அந்த இயக்கம்தானே. ஆகவே மூன்று வாரம் கழித்து நம்மவருக்கும் ஒரு முறை வருகிறது. பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று அதுவரை அலமாரியில் வைத்திருந்ததில் சர்க்கரைப் பொங்கலை நிரப்பி, முட்டை கேக் கொடுத்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அங்கே சிக்கல் இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த வீட்டில், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் அம்மாவிடம். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம்கூடக் கட்டாத வீடு அது. படைத்ததைத் தொடக்கூடாது என்ற விஷயத்தில் அந்த அம்மா கண்டிப்பு. தெருவில் எந்த வீட்டுப் பொங்கலும் அந்த வாசல்படியைத் தாண்டியதில்லை. “சூரியனுக்குப் படைச்சதா அண்ணாச்சி?” என்று தட்டைப் பார்க்கிறார். வருடம் முழுவதும் யாரும் கேட்காத கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். நம்மவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “எங்க வீட்ல யாருக்கும் படைக்கிறதில்லம்மா, அடுப்புலேருந்து நேரா தட்டுக்குத்தான்” என்கிறார். அந்த அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, நெய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்போலிருக்கிறதே என்று கேட்கிறார்.