கோழி எனக்கில்லை

எங்கள் கட்டடத்தில் நான் ரகசியமாகக் கோழி சாப்பிடுகிறேன் என்றொரு வதந்தி உலவுகிறது. மும்பை மாதுங்காவில், அதுவும் ஆஸ்திக சமாஜக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவனைப் பற்றி இப்படியொரு பேச்சு கிளம்பினால் அது சொசைட்டி மீட்டிங் வரைக்கும் காத்திருக்காது. பூக்கடை வாசலில், மல்லிகை முழம் போடுகிற நேரத்திலேயே தீர்ப்பாகிவிடும். என் தரப்பை யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்: கோழி எனக்கில்லை, ராக்கெட்டுக்கு.

ராக்கெட் ஒரு ஃபெரட். முழ நீளம், நெளிகிற உடம்பு, நாலு குட்டைக் கால், மூக்கு நுனியில் ஓயாத சந்தேகம். என் பையன் எங்கிருந்தோ வாங்கி வந்து, பெயரும் அவனே வைத்து, பிறகு மேல்படிப்பு என்று ஜெர்மனிக்குப் போய்விட்டான். பிள்ளைகள் போய்விடுவார்கள், அவர்கள் கொண்டுவந்து போட்டவை வீட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தவை ஒரு கிட்டார், ஒரு ஜோடி டம்பெல்ஸ், ஒரு ஃபெரட். முதல் இரண்டுக்கும் வயதாகவில்லை.

ஃபெரட்டின் ஆயுள் 6 முதல் 8 வருஷம். 5 தாண்டினாலே கிழம்தான். ஆனால் நல்ல குணமுள்ள கிழம்: ஒரு நாளைக்கு 14 மணி, சில சமயம் 18 மணி நேரம் தூங்கும். இந்தத் தகுதி ஒன்றுக்காகவே என் மனைவி அதை வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தாள். அந்த ராக்கெட் ஒரு ஐப்பசியில் தூக்கத்தை விட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் கிழக்கும் மேற்குமாக நடை. கதவைப் பிறாண்டல். திடீரென்று நின்று சுவரை வெறித்துப் பார்த்தல். “ஏன்னா, அதுக்கு ஏதோ தெரியறது” என்றாள் மனைவி. அதற்குப் பிறகு நாங்களும் தூங்கவில்லை.

விஷயம் வெளியே போனது. வாட்ச்மேன் உத்தரப் பிரதேசத்துக்காரர். அவர் முதல் நாளிலிருந்தே அதை “நேவ்லா” என்றுதான் சொல்லி வந்தார், அதாவது கீரி. கட்டடம் முழுவதும் அதையே நம்பியது. மூன்றாம் மாடி மாமா, சின்ன வயதில் மயிலாப்பூர்த் தெருவில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் தாயத்து விற்றுவிட்டுப் போன ஆளை நினைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் “சண்டை எப்போ ஓய்?” என்று கேட்பார். எதிர்வீட்டு மாமிக்குக் கீரிப்பிள்ளையை அவசரப்பட்டுக் கொன்ற கதை நினைவில் இருந்தது. “எதுவானாலும் நிதானமா யோசிச்சுச் செய்யுங்கோ” என்றாள். நான் இன்னும் ஒன்றும் செய்திருக்கவில்லை.

கீரியென்று யாராவது வனத்துறைக்குப் புகார் எழுதினால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி வளர்ப்பது குற்றம். பச்சைக்கிளி வளர்ப்பதும்தான்; அது தெரியாமலே மாதுங்காவில் எத்தனையோ கூண்டுகள் தொங்கின. ஆகவே மாமியிடம் வம்சாவளியை விளக்கினேன்: கீரி பூனை வர்க்கத்தோடு சேர்ந்தது, ஃபெரட் நீர்நாய் இருக்கிற பக்கம், இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. மாமி சட்டென்று புரிந்துகொண்டாள். “அப்ப கோத்திரமே வேறன்னு சொல்லுங்கோ.”

சொசைட்டி செக்ரட்டரி ஒரு கடுதாசி கொடுத்தார். ராத்திரி பிறாண்டல் சத்தம், ஆகவே பிராணியை அப்புறப்படுத்தவும். செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்புச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைக் காட்டினேன், அசையவில்லை. அந்த வாரியம் பிறந்ததற்குக் காரணமான 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் வித்திட்டவரும், 1962-ல் வாரியத்தின் முதல் தலைவரானவரும் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி என்றேன். செக்ரட்டரியின் பெண் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். கடுதாசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சட்டம் செய்யாததை நாட்டியம் செய்தது.

செம்பூரில் இருக்கும் அத்திம்பேர் போனில் வைத்தியம் சொன்னார். அவரிடம் எதற்கும் மருந்துண்டு. “கால்வலியா இருக்கும்டா. பாரசிட்டமால்ல கால் துண்டு கொடு.” பூனைக்கும் ஃபெரட்டுக்கும் பாரசிட்டமால் விஷம். கொடுத்திருந்தால் ராக்கெட் நிரந்தரமாக அமைதியாகியிருக்கும். தைலம் தடவச் சொன்னது அக்கா. கற்பூரமும் மெந்தாலும் அதற்கு ஆகாது. எதிர்வீட்டு மாமி யாரையும் கேட்காமல், பிரதோஷப் பாயசத்தில் ஒரு துளி விரலால் எடுத்து நாக்கில் வைத்துவிட்டாள். ராக்கெட் துள்ளிக்கொண்டு ஓடியது. “பார்த்தேளா, ஏக்கம்தான்!” என்றாள் மாமி. ஒரு மணி நேரத்தில் பின்னங்கால் இழுத்துக்கொண்டு, வாயில் எச்சில் வடிய, ஒரே இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் டாக்டர். மும்பைக்குக் கால்நடை மருத்துவம் புதிதல்ல. பரேலில் கால்நடைக் கல்லூரி 1886-லிருந்து இருக்கிறது. ஆனால் நாய், பூனை, மாடு பார்க்கிறவர்கள் எல்லோரும் ஃபெரட் பார்ப்பதில்லை. விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்த அந்த டாக்டர் முதலில் வாலைப் பார்த்தார். வாலிலும் இடுப்பிலும் முடி உதிர்ந்தால் அட்ரினல் சுரப்பிக் கோளாறு. கிழ ஃபெரட்டுகளுக்கு அது சகஜம், அதிலும் அமைதியின்மை வரும். வாலில் முடி இருந்தது. பிறகு ரத்தச் சர்க்கரை. 70-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்றார். ராக்கெட் அதற்கும் வெகு கீழே. கணையத்தில் கட்டி. அது வேண்டாத நேரத்திலெல்லாம் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. இனிப்பு கொடுத்தால் இன்னும் அதிகம் சுரந்து, சர்க்கரை மேலே ஏறிய வேகத்தில் பாதாளத்துக்கு இறங்குகிறது. ராத்திரி நடையும் சுவர் வெறிப்பும் ஆவி சமாசாரமல்ல, பசி மயக்கம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் இன்சுலின் போதாதவர்கள் மாடிக்கு மூன்று பேர். ஊசி, மாத்திரை, வெந்தயம், பாகற்காய்ச் சாறு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு யுத்தம். அத்தனை பேருக்கும் நடுவில், இன்சுலின் பொங்கி வழிகிற ஒரே ஜீவன் இது. மூன்றாம் மாடி மாமா சத்தியமாகக் கேட்டார்: “கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிட முடியாதா?”

டாக்டர் ஸ்டீராய்டு மருந்து எழுதினார். கூடவே நாலு மணிக்கொரு தடவை இறைச்சி. ஃபெரட் முழு மாமிசப் பட்சிணி. சின்னக் குடல், சாப்பிட்டது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். பருப்புசாதம், தயிர்சாதம் எதுவும் அதற்கு உணவே கிடையாது. “இது வரைக்கும் என்ன கொடுத்தீர்கள்?” என்றார். பையன் வாங்கி அடுக்கியிருந்த பூனைத்தீனி டப்பாக்களைச் சொன்னேன். “இனிமேல் கோழி” என்றார். என் மனைவி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள்.

மாதுங்கா கடைத்தெருவில் என் முகம் தெரியாத ஆளில்லை. ஆகவே ஒரு எவர்சில்வர் தூக்கோடு சயான் பக்கமாகச் சுற்றித் தாராவி 90 அடி ரோடு போனேன். என் வீட்டிலிருந்து டாக்ஸி மீட்டர் சூடாகும் முன்பே வந்துவிடுகிற இடம். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே என்னைவிட நல்ல தமிழ் பேசுகிறார்கள். மாதுங்காவில் பிறந்து வளர்ந்து, காஞ்சிபுரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வருஷா வருஷம் போய்வருகிறவர்கள் பலர் இந்த ரோட்டை ஆயுளில் ஒரு தடவைகூட மிதித்ததில்லை. கோழிக் கடைக்காரர் என் நெற்றியையும் தூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“யாருக்கு சாமி?”

“வீட்டுல... கீரி மாதிரி ஒண்ணு இருக்கு. அதுக்கு.”

“சரி சாமி. கீரிக்கு.” குரலைத் தாழ்த்தினார். “நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்.”

எலும்பில்லாமல் பொடியாகக் கொத்தி, ஈரலும் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, “மிளகு தட்டிப் போட்டு வறுங்க. கீரி விரும்பிச் சாப்பிடும்” என்றார்.

கறியும் மருந்தும் சேர்ந்து பாதி நடையை நிறுத்தின. மீதிப் பாதிக்கு மும்பைதான் காரணம். ஃபெரட்டுக்கு வியர்க்காது, 27 டிகிரி தாண்டினால் தவிக்கும், 30-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. மும்பையின் அக்டோபரை யோசியுங்கள். ஏ.சி. போட்டோம், கரண்ட் போகும் நேரத்துக்கு ஐஸ் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். அதற்கு நல்ல இருட்டும் நிறைய வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் டி.வி. சீரியல் முடியவே பதினொன்றாகும். மறு வருஷம் விநாயக சதுர்த்திக்குக் கிங்ஸ் சர்க்கிள் ஜி.எஸ்.பி. பிள்ளையார் தங்கத்தில் ஜொலிக்கிற நாட்களில், விசர்ஜனத்துக்கு டோல் தாஷா முழங்கும்போது, ராக்கெட்டைப் படுக்கையறை பீரோவுக்குள் பழைய புடவை மேல் படுக்க வைத்தோம். தூங்கியது. நாங்களும் உள்ளே போக இடமிருந்தால் போயிருப்போம்.

கடைசிக் காரணத்தைக் கண்டுபிடித்தவள் மனைவி. ஃபெரட் பதுக்கல்காரப் பிராணி. திவானுக்கு அடியில் ராக்கெட் வருஷக்கணக்கில் சேர்த்த சொத்து இருந்தது: ஒற்றைச் சாக்ஸுகள், ரிமோட் மூடி, ஆவணி அவிட்டத்தன்று நான் கழற்றிப்போட்ட பழைய பூணூல். தீபாவளி சுத்தத்தில் வேலைக்கார பாயி எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிட்டாள். அது அங்கே போய்ப் போய்த் தேடியிருக்கிறது. இரண்டு சாக்ஸைத் திரும்பப் போட்டதும் கவ்விக்கொண்டு உள்ளே போய்ச் சுருண்டது. சாமான்களை இடம் மாற்றாதீர்கள், கண் மங்கின கிழத்துக்கு வீடு மனப்பாடம் என்று டாக்டரும் பிறகு சொன்னார்.

இந்த ஜாதிக்கு இளமையில் என்னவெல்லாம் பெருமை தெரியுமா? 1971-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தேசிய அணுத்துகள் முடுக்கி ஆய்வகத்தில் ஃபெலிசியா என்றொரு ஃபெரட் வேலை பார்த்தது. கயிற்றைக் கட்டிக்கொண்டு 300 அடிக் குழாய்க்குள் ஓடும். மறுமுனையில் அந்தக் கயிற்றால் துடைப்புத்துணியை இழுத்துக் குழாயைச் சுத்தம் செய்வார்கள். நாலு மைல் வளையத்துக்குள் போகச் சொன்னபோது மாட்டேன் என்று நின்றுவிட்டது, எந்த யூனியனும் இல்லாமலே. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உயிருள்ள ஃபெரட்டுகளைக் கால்சட்டைக்குள் விட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நிற்கிற போட்டி இருந்தது. 1981-ல் ரெக் மெல்லர் 5 மணி 26 நிமிடம் நின்றார். அத்திம்பேரிடம் சொன்னேன். வேஷ்டியில் அது நடக்காது என்றார்.

நியூயார்க் நகரம் 1999-ல் ஃபெரட்டுக்குத் தடை போட்டது. அதை எதிர்த்து வானொலி நிகழ்ச்சியில் போன் செய்தவரிடம் மேயர் ருடால்ஃப் ஜூலியானி, உமக்குத்தான் மனநல சிகிச்சை வேண்டும் என்கிற தோரணையில் பொரிந்து தள்ளினார். எங்கள் செக்ரட்டரி எவ்வளவோ தேவலை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஃபெரட் கேட்டால், இந்த ஊர் வெயிலுக்கு அது ஆகாது என்று சொல்லி மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டு வெளிநாடு போயிருந்தால், அதற்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த டாக்டரின் விலாசத்தை இன்றே தேடி வையுங்கள். கிழம் ராத்திரியில் உலாத்த ஆரம்பித்தால் மந்திரிக்க வேண்டாம், பாயசம் வேண்டாம், மாத்திரையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஏ.சி. பில்லைப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள்.